ஊர் மேலே, ரயில் நிலையம் கீழே

ரோமிலிருந்து அங்கோனா பக்கம் போகும் ரயிலில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ‘நார்னி–அமேலியா’ என்று பலகை வைத்த நிலையம் ஒன்று வரும். இறங்கிப் பார்த்தால் அங்கே நார்னியும் இருக்காது, அமேலியாவும் இருக்காது. தொழிற்சாலைக் கூரைகள், நாலைந்து மாடிக் குடியிருப்புகள், காபி குடிக்க ஒரு பார், ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தால்தான் நார்னி கண்ணில் படும். நேரா என்னும் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே, பாறை முகட்டில், சாம்பல் நிற வீடுகளும் கோபுரங்களுமாகத் தொற்றிக்கொண்டிருக்கிறது. அமேலியா இன்னும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி வேறொரு குன்றின் மேல். பெயர்ப்பலகையில் மட்டும்தான் அதற்கு இங்கே இடம்.

மத்திய இத்தாலி முழுக்க இதே கதைதான். ஓர்த்தே, ஓர்வியேத்தோ, திரேவி, கொர்த்தோனா என்று எங்கே இறங்கினாலும் நிலையம் கீழே, ஊர் மேலே. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட பொறியாளர்கள் ஆற்றோரச் சமவெளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே சமவெளி வழியாகத்தான் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ரோமானியர்களும் சாலை போட்டிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் மக்கள் மட்டும் மேலே ஏறிவிட்டார்கள். ஏன் ஏறினார்கள், ஏன் இறங்காமல் இருந்தார்கள், பிறகு ஏன் இறங்கினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அதிகம் பேர் போகாத ஒரு மலை ஊருக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது வேறு மாதிரியான அனுபவமாகிவிடும். தெரியாவிட்டால் எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: கல் வீதி, கல் வீடு, ஒரு தேவாலயம், ஒரு ஐஸ்கிரீம் கடை.

மலை ஊர் என்றதும் பலரும் டஸ்கனியில் உள்ள சான் ஜிமிஞ்ஞானோவுக்குத்தான் போகிறார்கள். ஒரு காலத்தில் 72 கோபுர வீடுகள் இருந்ததாகச் சொல்லப்படும் ஊர். இன்று 14 நிற்கின்றன. 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கோடைக்காலத்தில் பகல் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டம்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. ரோமில் தங்கியிருப்பவர் காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், ரோமைச் சுற்றியுள்ள லாட்சியோ மாநிலத்தின் வடக்கிலும், அதற்கு மேலே உள்ள உம்பிரியா மாநிலத்தின் தெற்கிலும் இருக்கும் ஊர்களைப் பற்றியது.

முதல் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் ஊர் சிவிதா காஸ்தெல்லானா. ரோமுக்கு வடக்கே, எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையான நிலத்தில் இருக்கிறது. இந்தப் பாறையை இத்தாலியர்கள் தூஃபோ என்பார்கள். வெட்டுவதற்கு எளிது. ஓடைகளும் அதை எளிதாக அறுத்துவிடும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்து அறுத்து, ஆழமான பள்ளங்களுக்கு நடுவே தீவுபோல மேடைகளை விட்டுவைத்திருக்கின்றன. அப்படி ஒரு மேடையில்தான் ஃபலிஸ்கர் என்ற பழங்குடியினரின் தலைநகரான ஃபலேரீ இருந்தது. மூன்று பக்கம் செங்குத்துப் பள்ளம், ஒரு பக்கம் மட்டும் மதில் கட்டினால் போதும்.

கி.மு. 241இல் அவர்கள் ரோமை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஆறே நாளில் கதை முடிந்துவிட்டது என்று ரோமானிய வரலாறு சொல்கிறது. ரோமானியர்கள் ஊரை அழித்ததோடு விடவில்லை. மிச்சமிருந்த மக்களை அங்கிருந்து கிளப்பி, ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே சமதரையில் புதிதாக ஓர் ஊர் கட்டி அங்கே குடியேற்றினார்கள். இன்னொரு முறை கலகம் செய்தால் ஏறி ஒளிந்துகொள்ள மேடு இருக்கக்கூடாது என்பதுதான் கணக்கு. ஓர்வியேத்தோவில் இருந்த, ரோமுக்கு முன்பே இந்தப் பக்கம் செழித்த எட்ரஸ்கர் இனத்தாருக்கும் கி.மு. 264இல் இதே கதிதான். அவர்களை போல்சேனா ஏரிக்கரைக்கு அனுப்பினார்கள்.

புதிய ஊரான ஃபலேரீ நோவி நன்றாகத்தான் வாழ்ந்தது. ரோமின் அமைதி நிலவிய வரை சமவெளியில் இருப்பதுதான் லாபம்: சாலை பக்கத்தில், சந்தை பக்கத்தில், தண்ணீர் பக்கத்தில். பேரரசு சரிந்ததும் அதே சாலை ஆபத்தாகிவிட்டது. படையும் கொள்ளைக்காரனும் அதே வழியில்தான் வருவார்கள். இடைக்காலத்தின் தொடக்கத்தில் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, முன்னோர்கள் துரத்தப்பட்ட அதே பாறைக்கே திரும்பிப் போனார்கள். அந்த இடம்தான் இன்றைய சிவிதா காஸ்தெல்லானா. கீழே விட்டுப்போன ஊரின் மதில் ஏறக்குறைய முழுசாக இன்றும் வயல் நடுவே நிற்கிறது. உள்ளே ஒரு பழைய தேவாலயமும் புல்லும் மட்டுமே. 2020இல் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டாமலே ரேடார் கருவியை நிலத்தின் மேல் ஓட்டி, புதைந்து கிடக்கும் 30 ஹெக்டேர் நகரத்தை முழுவதும் வரைபடமாக்கினார்கள். கோயில், சந்தை, குளியல் மண்டபம் எல்லாம் புல்லுக்கு அடியில் இருக்கின்றன. மேலே உள்ள ஊரையும் கீழே உள்ள வயலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இத்தாலிய மலை ஊர்களின் மொத்த வரலாறும் அந்த ஐந்தாறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்றே சொல்வேன்.

பயம் மட்டும்தான் மக்களை மேலே ஏற்றியது என்று சொல்லிவிட முடியாது. பயத்துக்குக் காரணங்கள் நிறைய இருந்தன. 568இல் லொம்பார்டியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் படையெடுத்து வந்தார்கள். ரோமையும் ராவென்னாவையும் இணைக்கும் ஒரு குறுகிய பாதையை மட்டும் பைசாந்தியர்கள், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசினர், கையில் வைத்திருந்தார்கள். நார்னி, அமேலியா, தோதி, பெருஜா எல்லாம் அந்தப் பாதையைக் காக்கும் கோட்டைகளாகின. 9ஆம் நூற்றாண்டில் சராசென்கள் என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் படையினர் தைபர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை வந்து கொள்ளையடித்தார்கள். ஆனால் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் குன்றுகளின் மேல் கோட்டை ஊர்கள் மளமளவென்று எழுந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலப்பிரபுக்களும் மடங்களும் சிதறிக் கிடந்த குடியானவர்களை ஒரே இடத்தில் குவிக்க விரும்பினார்கள். குவித்தால் காப்பது எளிது, வரி வாங்குவது அதைவிட எளிது.

மூன்றாவது காரணம் காய்ச்சல். மத்திய இத்தாலியின் ஆற்றோரச் சதுப்பு முழுக்க மலேரியா. கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். காரணம் தப்பு, ஆனால் மருந்து சரி. மேலே போய்ப் படுத்தால் கொசு குறைவு. மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசுதான் என்று ஜொவான்னி பத்திஸ்தா கிராஸி 1898இல்தான் காட்டினார். இத்தாலி மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1970இல். அதாவது பகலில் கீழே இறங்கி வயலில் வேலை, பொழுது சாய்ந்தால் மேலே ஏறிப் படுக்கை என்ற வழக்கம் நம் தாத்தா பாட்டி காலம் வரை நடைமுறையில் இருந்தது. படம் எடுக்க அழகாகத் தெரியும் அந்த வளைந்த ஏற்றத்தைக் கழுதையோடு தினமும் இரண்டு முறை நடந்தவர்களுக்கு அழகு ஞாபகத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சிவிதா காஸ்தெல்லானாவில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று, பேராலயத்தின் முன்மண்டபம். வெள்ளைப் பளிங்கில், ரோமானிய வெற்றி வளைவுபோல நடுவில் ஒரு பெரிய வளைவு. அதன் விளிம்பெல்லாம் சிவப்பு, பச்சை, பொன் நிறக் கல் துண்டுகளைச் சின்னச் சின்ன வட்டமும் முக்கோணமுமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். பழைய ரோமானியத் தூண்களையும் தளக்கற்களையும் அறுத்து எடுத்துச் செய்யும் இந்த வேலையில் 12, 13ஆம் நூற்றாண்டு ரோமில் சில குடும்பங்கள் கொடிகட்டிப் பறந்தன. மண்டபத்தில் வெட்டியிருக்கும் லத்தீன் எழுத்தைப் படித்தால், ரோம் குடிமகனான யாகோபுஸ், தன் அருமை மகன் கோஸ்மாவோடு சேர்ந்து 1210இல் இந்த வேலையைச் செய்தார் என்று இருக்கும். தந்தையும் மகனும் போட்ட கையெழுத்து எட்டு நூற்றாண்டாக வெயிலில் நிற்கிறது. உள்ளே போனால் ஏமாற்றம். 18ஆம் நூற்றாண்டில் மொத்தத்தையும் பரோக் பாணிக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்திலேயே போர்ஜியா குடும்பத்துப் போப் ஆறாம் அலெக்சாந்தர் கட்டச் சொன்ன கோட்டை இருக்கிறது. பிறகு சிறையாக இருந்து, இப்போது ஃபலிஸ்கர்களின் பானைகளும் சிலைகளும் இருக்கும் அருங்காட்சியகம். ஊரே இன்றும் பீங்கான் தொழிலில் பிழைக்கிறது. கழிப்பறைப் பீங்கானும் வாஷ்பேசினும்தான் முக்கியச் சரக்கு. சுற்றுலாக் கையேடுகள் இதை அடக்கி வாசிக்கும். எனக்கென்னவோ அதனாலேயே இந்த ஊரைப் பிடிக்கும். கடைவீதியில் இருப்பவர்கள் நம்மைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, அவரவர் வேலையாக வந்தவர்கள்.

சரி, நார்னிக்குத் திரும்புவோம். ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவில், ஆற்றங்கரையில், அகஸ்டஸ் காலத்துப் பாலத்தின் மிச்சம் நிற்கிறது. ஒரே ஒரு வளைவு, ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். ரோமிலிருந்து வடக்கே போன ஃபிளமினியா என்ற ரோமானியச் சாலையை ஆற்றைத் தாண்ட வைப்பதற்காகக் கட்டியது. பிரெஞ்சு ஓவியர் கோரோ 1826இல் இதை வரைந்தார், ஓவியம் இப்போது பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள்.

மேலே ஊருக்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டியது வீதியின் வடிவம். பியாட்சா தெய் பிரியோரி என்னும் சதுக்கம் உண்மையில் சதுக்கமே இல்லை, கொஞ்சம் அகன்ற வீதி. ஒரு பக்கம் நகர ஆட்சியாளர்களின் மாளிகை, எதிரே நீதி நிர்வாகத்தின் மாளிகை, நடுவில் 1303இல் கட்டிய நீரூற்று. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஊர்கள் எல்லாம் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட குட்டிக் குடியரசுகள். பிரபுவின் கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் மன்றம் கூடும் மாளிகை இருந்தது. தண்ணீருக்கு நார்னியில் முதல் நூற்றாண்டு ரோமானியக் கால்வாய் ஒன்று சுமார் 13 கிலோமீட்டர் தூரம் மலைக்குள் குடைந்து வந்துகொண்டிருந்தது. அது இல்லாத ஊர்களில் மழைநீர்த் தொட்டிதான். முற்றுகை வந்தால் மதிலைவிடத் தண்ணீர்தான் முதலில் கைவிடும். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது ஓர்வியேத்தோவுக்குத் தப்பி வந்த போப் ஏழாம் கிளெமெந்த், வந்ததும் செய்த பெரிய காரியம் 53 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டச் சொன்னது. இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் மோதிக்கொள்ளாதபடி இரண்டு தனித்தனிச் சுழல் படிவழிகளோடு அது இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு ரோமைச் சூறையாடிய கூலிப்படை நார்னியையும் விட்டுவைக்கவில்லை.

நார்னியின் உச்சியில் ஒரு கோட்டை தெரியும். 14ஆம் நூற்றாண்டில் கர்தினால் அல்போர்னோஸ் கட்டத் தொடங்கியது. அப்போது இந்தப் பகுதிக்கு ஆட்சியாளர்களும் போப்புகள்தான்; அவர்கள் பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்த காலத்தில் தங்கள் இஷ்டத்துக்கு ஆண்டுகொண்டிருந்த நகரங்களை மறுபடி வழிக்குக் கொண்டுவர அனுப்பப்பட்டவர் அவர். ஸ்பொலேத்தோ, அசிசி, ஓர்வியேத்தோ என்று அவர் பேர் சொல்லும் கோட்டைகள் இந்தப் பக்கம் முழுக்க உண்டு. அவை நிற்கும் இடத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். ஊருக்கு வெளியே எதிரியைப் பார்த்து நிற்பதைவிட, ஊரின் தலைக்கு மேலே நின்று ஊரையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நார்னியின் பெயர் பெற்ற இடம் தரைக்குக் கீழே இருக்கிறது. 1979இல் குகை ஆர்வலர்களான ஆறு இளைஞர்கள், பழைய சான் தொமெனிக்கோ தேவாலயத்துக்கு அடியில் ஒரு பொந்து வழியாகத் தவழ்ந்து உள்ளே போனார்கள். சுவரோவியங்களோடு ஒரு சின்ன வழிபாட்டு அறை, ரோமானியத் தண்ணீர்த்தொட்டி, அதைத் தாண்டி ஒரு பெரிய அறை, அதையொட்டி ஒரு சிறைக்கொட்டடி. கொட்டடியின் சுவர் முழுக்கக் கைதிகள் கீறிய எழுத்தும் குறியும். சிலுவை, சூரியன், எண்கள், தேதிகள். 1759இல் அடைக்கப்பட்ட ஜுசெப்பே அந்த்ரேயா லொம்பார்தினி என்பவர் தன் பெயரையே கீறி வைத்திருக்கிறார். அது கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் அறை என்று நிறுவத் தேவையான ஆவணங்கள் வாடிகனிலும், அப்புறம் எங்கே என்றால் அயர்லாந்தின் டப்ளினிலும் கிடைத்தன. நெப்போலியன் வாடிகன் ஆவணங்களைப் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போனபோது வழி தவறிய கட்டுகள் சில டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கொட்டடிக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். வாரநாட்களில் நேரம் குறைவு என்பதால் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஏரோலி மாளிகை அருங்காட்சியகத்தில் கிர்லாந்தாயோ 1486இல் முடித்த மரியாள் முடிசூட்டு ஓவியம் இருக்கிறது. புளோரன்சில் இவருடைய ஓவியத்தைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும், இங்கே முன்னால் நாற்காலி போட்டு உட்காரலாம் என்கிற அளவுக்குத்தான் ஆள்.

இரண்டாவது கேள்வி: ஏன் இந்த ஊர்கள் இப்படியே உறைந்து நின்றன? ஒரே வார்த்தையில் பதில், காசில்லை. 1348இன் கொள்ளைநோய் மக்கள்தொகையைச் சரித்தது. பிறகு ஒவ்வொரு நகரமாகச் சுதந்திரத்தை இழந்தது. பெருஜா 1540இல் உப்பு வரியை எதிர்த்துப் போப்போடு மோதித் தோற்றது. சியேனா 1555இல் புளோரன்சின் கைக்குப் போனது. மன்ற மாளிகைகளில் கூட்டம் நடப்பது நின்றது. பணமும் திறமையும் ரோமுக்கும் புளோரன்சுக்கும் போய்விட, பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்ட யாருக்கும் வசதியில்லை. பாரிசிலும் மிலானிலும் இடைக்கால வீதிகளை இடித்து அகலச் சாலை போட்ட காலத்தில் இங்கே பழுது பார்க்கவே பணம் இல்லை. நாம் இன்று ‘பாதுகாக்கப்பட்டது’ என்று மெச்சுவதில் பெரும்பங்கு வறுமையின் வேலை.

மூன்றாவது கேள்விக்கு விடை நார்னி நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. 1866இல் ரயில் வந்தது. 1884இல் பக்கத்துத் தெர்னியில் அருவிகளின் நீர்விசையை நம்பி எஃகு ஆலை தொடங்கியது. நார்னியின் அடிவாரத்திலும் தரையில் விரிக்கும் லினோலியம், மின் உலைகளுக்கான கரிமின்முனை ஆகியவற்றின் ஆலைகள் வந்தன. வேலைக்குப் போனவர்கள் நிலையத்தைச் சுற்றியே வீடு கட்டிக்கொண்டார்கள். நார்னி ஸ்காலோ என்ற அடிவார ஊர் அப்படி வளர்ந்தது. நிலத்தில் விளைந்ததில் பாதியை உரிமையாளருக்குக் கொடுக்கும் வாரமுறையில் புதிய ஒப்பந்தங்களை இத்தாலியச் சட்டம் 1964இல் தடை செய்தது. அதற்குள்ளாகவே குடியானவர்களின் பிள்ளைகள் நகரத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். மலேரியா போயிற்று, கீழே வேலை இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது. பின் எதற்கு மேலே?

ஊரையே காலி செய்யச் சொன்ன கதையும் உண்டு. ரோமுக்கு வடக்கே கல்காத்தா என்ற சின்னஞ்சிறு பாறை ஊரை 1930களில் இடிந்து விழும் ஆபத்துள்ளது என்று அரசு அறிவித்தது. பிறகு மக்கள் பக்கத்திலேயே புதிய ஊர் கட்டிக்கொண்டு போனார்கள். காலி வீடுகளுக்கு 1960களின் கடைசியிலிருந்து ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்தார்கள். கடைசியில் பாறை ஆபத்தில்லை என்று முடிவாகி இடிக்கும் உத்தரவும் போனது. ரோமின் சாக்ஸா ருப்ரா பஸ் நிலையத்திலிருந்து போய்வரலாம். ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடும் அளவுதான். ஞாயிற்றுக்கிழமை ரோமே அங்கே வந்துவிடும் என்பதால் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் சிவிதா தி பான்யோரேஜோவை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. மேலே தூஃபோ பாறை, அடியில் களிமண். களிமண் கரைய கரைய ஊர் விளிம்பிலிருந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் பெரும்பாலும் எதிரே உள்ள பான்யோரேஜோவுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஆள் நடக்கும் ஒரு நீளப் பாலம்தான் வழி. நிரந்தரமாக வசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், வந்துபோகிறவர்கள் ஆண்டுக்கு லட்சக்கணக்கில். 2013இல் ஊருக்குள் நுழைய ஒன்றரை யூரோ கட்டணம் வைத்தார்கள். பிறகு அது 5 யூரோ ஆனது. வெனிஸ் பகல்நேரப் பயணிகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024இல்தான், இந்தச் சின்ன ஊர் அதற்குப் பத்தாண்டு முந்திக்கொண்டது. பாறையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் வேண்டும் என்பது நியாயமான காரணம். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாசலும் நமக்காகத் திறந்திருப்பது, நமக்காகப் பூந்தொட்டி வைத்திருப்பது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. பார்த்தே ஆகவேண்டும் என்றால் காலை ஒன்பதுக்கு முன் போங்கள்.

இன்னும் ஒரு ஊர் சொல்லலாம், ஸ்பெல்லோ. ரோமிலிருந்து ஃபொலிஞ்ஞோவில் வண்டி மாறிப் போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அசிசியிலோ பெருஜாவிலோ தங்கியிருந்தால் பக்கம். நிலையத்திலிருந்து நடந்தே ஊர் வாசலை அடைந்துவிடலாம் என்பது இந்தப் பகுதியில் அபூர்வம். வாசலே ரோமானிய வாசல், மேலே மூன்று சிலைகள். சுபாசியோ மலையின் இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய வீடுகள். சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் 1501இல் பிந்துரிக்கியோ வரைந்த பாலியோனி சிற்றாலயம் இருக்கிறது. மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் சுவரில், வலது பக்கம் ஒரு அலமாரித் தட்டுக்குக் கீழே, சுவரில் மாட்டிய படம்போல ஓவியர் தன் முகத்தையே வரைந்து வைத்திருக்கிறார். சற்றே களைத்த முகம். 2005இல் மதிலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது ரோமானிய மாளிகையின் மொசைக் தளங்கள் கிடைத்தன. பறவைகளும், மது ஊற்றும் பணியாளும், ஆளுயர உருவங்களுமாக இருக்கும் அந்தத் தளங்களையும் இப்போது பார்க்கலாம்.

பித்திலியானோ, சொரானோ போன்ற தெற்கு டஸ்கனி ஊர்கள் இவற்றைவிட அழகு என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ரயில் இல்லை, கார் இல்லாமல் ஒரே நாளில் ரோமிலிருந்து போய்வருவது வீண் வேலை.

போக்குவரத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் பஸ்தான் இந்த நாளின் பலவீனமான கண்ணி. அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரை, ‘ஃபெஸ்திவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். ‘ஸ்கொலாஸ்திக்கோ’ என்று போட்டிருந்தால் பள்ளி நடக்கும் நாளில் மட்டும். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை அந்த வண்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களுக்கு வண்டியே இருக்காது. அதனால் ஊர் ஓய்ந்து கிடக்கும் என்று ஞாயிறைத் தேர்ந்தெடுக்காமல், செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். பஸ் டிக்கெட்டைப் பெரும்பாலும் புகையிலைக் கடையில் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள், மதியம் கடை மூடியிருக்கும். காகிதத்தில் வாங்கிய உள்ளூர் ரயில் டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்தால் அபராதம்.

காரில் போனால் ஊருக்குள் ஓட்டவே கூடாது. பழைய ஊர்ப்பகுதிக்கு உள்ளூர்க்காரர்களின் வண்டிக்கு மட்டுமே அனுமதி, வாசலில் கேமரா இருக்கும். ‘வார்கோ அத்தீவோ’ என்று பலகை எரிந்தால் தாண்டாதீர்கள். தாண்டியது அப்போது தெரியாது, மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீட்டுக்குத் தபால் வரும்போதுதான் தெரியும். மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் நமக்கில்லை. நார்னியில் கீழே நிறுத்திவிட்டு லிஃப்டிலேயே ஊருக்குள் ஏறிவிடலாம்.

நேரக் கணக்கும் முக்கியம். தேவாலயங்கள் நண்பகல் வாக்கில் பூட்டிவிட்டு மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கும். கடைகள் ஒன்று முதல் நான்கு வரை மூடியிருக்கும். உணவகச் சமையலறை இரண்டரைக்கு அணைந்துவிடும். பதினொன்றரைக்கு வந்து இறங்கி மூன்று மணி வண்டியில் திரும்புகிறவர், ஊரின் பூட்டிய கதவுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், முதலில் உள்ளே பார்க்க வேண்டியதை முடியுங்கள், ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருங்கள், பிறகு மதிலோரமாக நடங்கள். ஐந்து மணிக்கு மேல் ஊரே வீதிக்கு வரும். அதைப் பார்த்துவிட்டு ஆறு, ஏழு மணி வண்டி.

நம்மவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி சிரமமில்லை. நார்னி, தெர்னி பக்கம் முட்டை சேர்க்காமல் மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து கையால் உருட்டும் பாஸ்தா உண்டு. சிரியோலே, மன்ஃப்ரிகோலி என்று ஊருக்கு ஒரு பெயர். பூண்டு, தக்காளி, கொஞ்சம் மிளகாய் போட்ட குழம்போடு வரும். பன்றிக் கன்னத்து இறைச்சி போடும் வகையும் இருப்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. போப் போட்ட உப்பு வரியால் வந்த வழக்கம் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அந்த வரியைக் காணாத டஸ்கனியிலும் ரொட்டி இதே மாதிரிதான், எனவே கதையைக் கதையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் வந்துபோகிறவர்களால் ஊருக்கு என்ன லாபம் என்ற விவாதம் இத்தாலியில் சூடாகவே நடக்கிறது. 2001இல் உருவான ‘இத்தாலியின் மிக அழகான சிற்றூர்கள்’ சங்கத்தில் இன்று 350க்கும் மேற்பட்ட ஊர்கள் உறுப்பினர்கள். கொரோனாவுக்குப் பிந்தைய மீட்புத் திட்டத்தில் 21 சிற்றூர்களுக்குத் தலா 2 கோடி யூரோ ஒதுக்கினார்கள். உம்பிரியாவின் பங்கு தெர்னிக்கு மேலே உள்ள செசி என்ற ஊருக்குப் போனது. ஒரே ஊரில் இத்தனை பணத்தைக் கொட்டுவதற்குப் பதில் நூறு ஊருக்குப் பஸ் விட்டிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் தோன்றுகிறது. கல்லைப் புதுப்பிப்பதைவிட, மேலே வசிக்கும் எண்பது வயதுக்காரர் கீழே மருத்துவரைப் பார்க்கப் போக ஒரு வண்டி இருப்பதுதான் ஊரை ஊராக வைத்திருக்கும். அதே வண்டியில் நாமும் போய்வரலாம்.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், கல் சூட்டைத் திருப்பி அடிக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பல கடைகள் பூட்டுப் போட்டுவிடும். நார்னியில் மே மாதத் தொடக்கத்தில் காவல் புனிதர் யுவெனாலிஸ் திருநாளை ஒட்டி ஊரின் மூன்று பேட்டைகளும் குதிரையோட்டத்தில் மோதும். ஈட்டி முனையால் தொங்கும் வளையத்தைக் குத்தி எடுக்க வேண்டும். ஸ்பெல்லோவில் கிறிஸ்துவின் திருவுடல் திருநாளுக்கு முந்தைய இரவு முழுக்க வீதியில் பூவிதழ்களால் ஓவியம் இடுவார்கள். காலை ஊர்வலம் அதன்மேல் நடந்து கலைத்துவிடும். இரண்டும் பார்க்க வேண்டியவை, இரண்டிலும் கூட்டம்.

கூட்டம் வேண்டாம் என்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. திரேவியைச் சுற்றி ஆலிவ் பறிக்கும் காலம், செக்குகள் இரவு பகலாக ஓடும். வார இறுதிகளில் பல செக்குகள் பார்வையாளர்களுக்கும் திறந்திருக்கும். அன்று ஆட்டிய எண்ணெய் பச்சையாக, தொண்டையில் காறும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அதன்மேல் ஊற்றிக் கொடுப்பார்கள், அங்கே மட்டும் உப்பும் போடுவார்கள். வாங்கினால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், தகர டின்னில் கேளுங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் பழைய துணி சுற்றி வைத்துவிடுங்கள்.